ராமேஸ்வரம் பாதயாத்திரை: கடைசி நாளை முடிப்பது எப்படி

உச்சிப்புளி தாண்டியதும் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். வேகமெடுக்க விடாதீர்கள். மண்டபம் ஊரில் ராத்தங்கி, வெயில் ஏறுமுன் பாம்பன் பாலத்தைக் கடந்துவிடுங்கள். பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நெடுக நிழலே கிடையாது. காற்று தோள்துண்டைப் பிடுங்கும். கால் கொப்புளித்தவர்களை முன்னால் விடுங்கள்.

முதலில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில். உடைந்த கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிரே போகும், சொல்லிவிட்டேன். கல்தரை வழுக்கும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம்.

கூட நடந்தவர்களுக்குச் சொல்லும் நன்றியைப் பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள், அங்கே ஆளுக்கொரு திசை. சாப்பிட உட்காரும்போதே சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், "அக்கா, தேவிபட்டினத்தில் என் காலுக்குத் துணி கட்டிவிட்டீங்களே" என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். வழியெல்லாம் சமைத்துப் போட்டவருக்கு முதல் இலை. பொதுச்செலவுக் கணக்கையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள்.