‘பிராக்ஸி’யைத் தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவன அறிவிப்புகளைத் தமிழாக்கும் பணிக்குப் புதிதாக வருவோரின் படிகளைத் திருத்தும்போது, பத்தாண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவற்றில் காண்கிறேன். எழுத்துப்பிழைகள் தாமாகவே கண்ணில் படும். கூட்டத்துக்கு வர இயலாத பங்குதாரர் தம் சார்பில் வாக்களிக்க நியமிக்கும் ஆளைக் குறிக்கும் ‘பிராக்ஸி’ என்ற ஆங்கிலச் சொல்லில், உரிமையைக் கெடுக்கும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

‘அருகிலிருப்பவர்’ என்று கருதுவது

அருகாமையைக் குறிக்கும் ‘பிராக்ஸிமிட்டி’ என்ற சொல்லோடு ‘பிராக்ஸி’க்கு உறவில்லை. பிறர் சார்பில் பொறுப்பைக் கவனிப்பதைக் குறித்த லத்தீன் சொல், ஆங்கிலத்தில் ‘புரோக்யுரசி’ ஆகி, அதுவும் தேய்ந்து ‘பிராக்ஸி’ ஆயிற்று.

‘பிரதிநிதி’ என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுவே. வேள்விக்கு விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது அதற்கு ஈடாக இடப்படுவதை மீமாம்சை நூல்கள் ‘பிரதிநிதி’ என்கின்றன. எனவே சொற்பிறப்பை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தமிழாக்கத்தில் குறை தெரியாது. நானும் அப்படி நம்பித்தான் ஒரு நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் அவ்வாறே எழுதினேன். அதைப் படித்துவிட்டு, நடமாட இயலாத தந்தைக்காக வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பங்காதாயம் பற்றிக் கேட்க எழுந்தபோது, பேசும் உரிமை அவருக்கு இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். சட்டப்படி அது சரியே. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, பிராக்ஸி கூட்டத்தில் பேச முடியாது. கையுயர்த்தி வாக்களிக்கவும் முடியாது. முறையான வாக்குப்பதிவு நடந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். ஆனால், பங்குதாரராக உள்ள ஒரு நிறுவனம் 113ஆம் பிரிவின்படி அதிகாரமளித்து அனுப்புபவர், தனிப் பங்குதாரருக்குரிய அதே உரிமைகளுடன் பேசலாம், வாக்களிக்கலாம். பிரதிநிதி என்ற பெயர் அவருக்கே பொருந்தும். இவ்விருவரையும் ஒரே சொல்லால் குறித்ததால், அந்த மனிதரின் பயணம் வீணானதற்கு என் எழுத்தே காரணமாயிற்று. இப்போது ‘பதிலாள்’ என்று எழுதி, பேச்சுரிமை இல்லை என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடுகிறேன்.

‘பதில்’ தனித்தமிழ் என்று வாதிடுவது

அது ‘பதல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆளையும் தாளையும் குழப்புவது

ஆங்கிலத்தில் இரண்டுமே பிராக்ஸிதான். கூட்டத்துக்குப் பொதுவாக 48 மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டியது நியமனப் படிவம், பதிலாள் அல்லர்.

கள்ள வாக்கோடு சேர்ப்பது

கல்லூரி வருகைப்பதிவில் வராதவருக்காக மற்றொருவர் குரல் கொடுக்கும் ‘பிராக்ஸி’யை நினைத்துக்கொண்டு, தேர்தலில் பதிலாள் அளிக்கும் வாக்கைக் கள்ள வாக்கு என்று எழுதிவிடுகிறார்கள். படைவீரர் தம் சார்பில் வாக்களிக்க ஒருவரை முறைப்படி நியமிக்கலாம் என்று தேர்தல் விதிகள் 2003ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. அந்த வாக்குக்கான மையைப் பதிலாளின் இடது கை நடுவிரலில் வைப்பார்கள். ஆட்காட்டி விரல் பதிலாளின் சொந்த வாக்குக்கு உரியது.