பிக்கப் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால்

போன வாரம் என் மேசைக்கு லெஸ் பால் வடிவத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதிதான் பிக்கப்; அதில் இரண்டு கம்பிச் சுருள் கொண்ட வகை ஹம்பக்கர். நெக் (கழுத்து) பக்கத்து ஹம்பக்கரைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையத்தின் ஒரு மூலை எழும்பி நின்றது. திருப்புளியை வைத்தால் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிட்டது. "தீக்குச்சி வச்சுப் பார்த்தேன் அண்ணா, ரெண்டு நாள் நின்னுச்சு" என்றார் கொண்டுவந்த தம்பி. துளைக்குள் பார்த்தேன். பசையே இல்லாமல் செருகிய குச்சி, பஞ்சாகி நொறுங்கியிருந்தது.

முதலில், சுற்றுவது எந்த ஸ்க்ரூ என்று பாருங்கள். வளையத்தின் நான்கு மூலையிலும் இருப்பவை மரத்துக்குள் இறங்குபவை. இரு பக்கமும் நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் பிக்கப்பின் உயரத்தை மாற்றுபவை. அவை மரத்தைத் தொடுவதே இல்லை. பிக்கப்பின் அடித்தகட்டிலிருந்து மடங்கி வரும் உலோகக் காலில் உள்ள மரையில் ஓடுகின்றன. மரத்துக்குச் செய்யும் வைத்தியம் உலோகத்துக்கு உதவாது. உயர ஸ்க்ரூ சுற்றுகிறது என்று மரத்துளையில் குச்சி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மரத்துளையிலிருந்து தொடங்குவோம். தந்திகளைக் கழற்றிவிட்டு, உடலின் மேல் ஒரு பழைய பனியனை விரித்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் பிக்கப்போடு சேர்த்தே மெதுவாகத் தூக்கிச் சாய்த்து வையுங்கள், ஒயரை இழுக்காதீர்கள். துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு ஊசியால் உள்ளே இருக்கும் தூளையும் பழைய குச்சியையும் கிளறி எடுத்து, ஊதிவிடுங்கள். தூள் இருந்தால் பசை தூளோடுதான் ஒட்டும், மரத்தோடு ஒட்டாது.

குச்சிக்கு நான் எடுப்பது மூங்கில் பல்குத்தும் குச்சி. அது இல்லாத நாளில் ஊதுபத்தியின் அடிக்குச்சி. மருந்து பூசாத அந்தச் சிவப்புப் பகுதியை பிளேடால் சாயம் போகச் சீவினால் நல்ல மூங்கில் கிடைக்கும். தீக்குச்சி மென்மரம், சீக்கிரம் நசுங்கிவிடும். ஈர்க்குச்சியும் வேண்டாம், அதன் வழவழப்பில் பசை பிடிப்பதில்லை. துளைக்கு ஏற்றபடி இரண்டோ மூன்றோ குச்சிகளை ஃபெவிகாலில் நனைத்து, பேனா மூடியால் லேசாகத் தட்டி இறக்குங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.

அப்புறம் 24 மணி நேரம் தொடாதீர்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சூப்பர் குளூ ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது நீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டு நைட்ரோ லாக்கர் பூச்சில் பட்டால் வெள்ளையாகப் படலம் படிந்துவிடும். அந்தத் தழும்பைப் போக்குவது துளையை அடைப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

காய்ந்ததும் குச்சியை உடல் மட்டத்துக்கு வெட்டுங்கள். வளையத்தை வைத்துப் பார்த்து, ஊசியால் நடுப்புள்ளி குத்திவிட்டு, 1.5 மி.மீ. பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் சுழற்றித் துளையிடுங்கள். இந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 2.2 முதல் 2.5 மி.மீ. பருமன்தான், அதற்கு இந்த அளவு சரியாக இருக்கும். மோட்டார் டிரில் வேண்டாம். மூலைத் துளைக்கும் பிக்கப் குழிக்கும் நடுவே இருக்கும் மரச்சுவர் சில மில்லிமீட்டர்தான். பிட் கொஞ்சம் சாய்ந்தாலும் குழிக்குள் உடைத்துக்கொண்டு போய்விடும். பிட்டில் ஒரு டேப் துண்டைச் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் நல்லது.

துளை மிகவும் பெரிதாகிவிட்டால் குச்சி போதாது. 3 மி.மீ. அளவுக்கு ஒழுங்காகத் துளைத்து, மரமுளை அடித்து, மறுபடி துளையிட வேண்டும். அதற்கு மேல் பெரிதாக்கினால் அந்த மெல்லிய சுவர் தாங்காது. கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியில் மர நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதில் இறங்கும் ஸ்க்ரூ நார்களுக்கு இணையாகப் போவதால் பிடிப்பு குறைவு. நாருக்குக் குறுக்காக வெட்டிய முளை நன்றாகப் பிடிக்கும். ஆசாரி பட்டறையில் ஒரு தேக்குத் துண்டு கேட்டு வாங்கி, நார் கிட்டார் உடலின் நார் போகும் திசையிலேயே படுக்கும்படி முளையைச் சீவிக்கொள்கிறேன். அரைமணி நேரம் ஆகும். அடுத்த ஆள் கழற்றும்போதும் அந்த முளை நிற்கும் என்பதால் செய்கிறேன்.

இனி உலோகக் கால். இங்கே மரை ஏன் போகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமெரிக்க ஹம்பக்கர்களில் பெரும்பாலும் 3-48 (3 என்பது பருமன் எண், 48 என்பது ஒரு அங்குலத்தில் உள்ள புரிகள்) என்ற அளவு ஸ்க்ரூ வரும். ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் எம்2.5 போன்ற மெட்ரிக் அளவு. 3-48இன் பருமன் 2.51 மி.மீ.; எம்2.5இன் பருமன் 2.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் புரிக்குப் புரி தூரம் ஒன்றில் 0.53 மி.மீ., மற்றதில் 0.45. ஒன்றின் காலில் இன்னொன்றை மாட்டினால் முதல் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூன்றாவதில் இறுகும், பலமாகத் திருகினால் மரை வழித்துக்கொண்டு போய்விடும். புதிய பிக்கப் மாற்றியபோது பழைய ஸ்க்ரூவையே போட்ட கிட்டார்களில் இதை அடிக்கடி காண்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எம்3 மரை வெட்ட முதலில் வேண்டிய துளை 2.5 மி.மீ. வழிந்துபோன காலில் இருக்கும் துளை ஏறக்குறைய அதே அளவு. ஆக எம்3 மரைவெட்டியை நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இறக்கினாலே புதிய மரை கிடைக்கும். பிளாஸ்டிக் வளையத்தின் துளையையும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். வேலைக்கு முன் பிக்கப்பின் சுருளை மாஸ்கிங் டேப்பால் முழுவதும் மூடிவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பியின் பருமன் சுமார் 0.06 மி.மீ.; ஒரு கீறலில் பிக்கப் செத்துவிடும்.

மரைவெட்டி கையில் இல்லையென்றால், பழைய ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் பித்தளை நட்டைக் காலின் அடியில் அரால்டைட் பசையால் ஒட்டலாம். ஸ்க்ரூவில் மெழுகு தடவி நட்டுக்குள் ஓட்டி வைத்தே ஒட்டுங்கள், நட்டு நேராக நிற்கும், ஸ்க்ரூவும் ஒட்டிக்கொள்ளாது. பற்றவைக்க வேண்டாம், சூட்டில் பிக்கப்புக்குள் இருக்கும் மெழுகு உருகும்.

திரும்ப மாட்டும்போது மர ஸ்க்ரூக்களை மெழுகுவத்தியில் ஒருமுறை உரசிக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருவாக்கும், சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று சின்னதாக ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய புரி அங்கே தொடங்குகிறது. அதிலிருந்து வலப்பக்கம் திருகினால் புதிதாக மரத்தை வெட்டாது. திருப்புளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மட்டும் பிடியுங்கள். வளையம் உடலில் படிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தம்பியின் கிட்டாரில் இப்போது நான்கு மூலையும் படிந்து உட்கார்ந்திருக்கின்றன. கழுத்தின் கடைசி ஃப்ரெட்டில் (குறுக்குக் கம்பியில்) தந்தியை அழுத்தி, தந்திக்குக் கீழே நெக் பிக்கப்பை 2.4 மி.மீ. இடைவெளியிலும் பிரிட்ஜ் பிக்கப்பை 1.6 மி.மீ. இடைவெளியிலும் வைத்திருக்கிறேன். அங்கிருந்து காதுக்கு ஏற்றபடி அவரே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.