கோபத்தில் ஊருக்குப் பஸ் ஏறும் முன்: முதல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோட்டிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பட்டம் முடித்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகும் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே வெறுத்துப்போவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. படித்தது ஒன்று, கொடுக்கும் வேலை வேறு. வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்த வெறுப்பில் தவறில்லை. ஆனால் அதே வேகத்தில் எடுக்கும் சில முடிவுகளால் நிறுவனத்துக்கு எந்த நட்டமும் இல்லை. அடி முழுவதும் நம் பிள்ளைக்குத்தான்.

ஏமாற்றம் பெரும்பாலும் சம்பளக் கணக்கில் தொடங்குகிறது. ஆண்டுக்கு 3 லட்சம் என்றதும் மாதம் 25,000 என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறோம். கடிதத்தில் ‘சி.டி.சி.’ என்று இருப்பது நமக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால், 12 சதவீதக் கணக்கில் பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) நம் பங்கு 1,500. நிறுவனத்தின் பங்கான 1,500-ம் அந்த 25,000-க்குள்ளேயே அடங்கும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஏறக்குறைய 600 ரூபாய். ஊக்கத்தொகை என்று 10 சதவீதத்தை நிறுத்திவைத்தால் கைக்கு வருவது 19,000-க்கும் குறைவு. இந்த விவரத்தைச் சேரும் முன்பே எச்.ஆர். பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. ஜெராக்ஸ் போதும்.

ஆங்கிலம் தடுமாறும் என்று கூட்டங்களில் வாய் திறக்காமல் இருப்பதும் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம். வேலையைச் செய்தவர் இவராக இருப்பார், பெயர் வாங்குபவர் வேறொருவராக இருப்பார். பேச வராவிட்டால் எழுதலாமே. வாரக் கடைசியில் முடித்த வேலைகளை நாலு வரியில் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், சம்பள உயர்வு பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் போனை அணைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவது. வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று நிறுவனம் பதிவு செய்துவிடும். பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம் (ரிலீவிங் லெட்டர்) கிடைக்காது. அடுத்த நிறுவனம் பின்னணியைச் சரிபார்க்கும்போது அங்கேயே சிக்கல். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி பதிவாகாமல் பணம் முடங்கிக் கிடக்கும். நிறுவனம் பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து பி.எஃப். இணையதளத்தில் நாமே அந்தத் தேதியைப் பதியலாம். இது தெரியாமல் சொந்தப் பணத்தையே கைகழுவுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்தான் யூ.ஏ.என். புது வேலையில் பழைய யூ.ஏ.என். எண்ணை மறைக்காதீர்கள். வேலை மாறும்போதெல்லாம் பணத்தைத் துடைத்து எடுப்பதும் வேண்டாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. அந்தப் பணிக்காலக் கணக்கு யூ.ஏ.என். எண்ணைப் பின்பற்றித்தான் ஓடுகிறது.

விலகுவது என்று முடிவெடுத்தால், ராஜினாமாவை மேலாளருக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போடுங்கள். முன்னறிவிப்புக் காலம் அந்தத் தேதியிலிருந்து கணக்காகும். அலுவலக மின்னஞ்சலை முடக்குவதற்கு முன்பே சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் பிடித்தச் சான்று, நியமன ஆணை எல்லாவற்றையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்துடன் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.