உப்புத் தண்ணி ஊரில் கைக்குழந்தை வளர்க்கும் வீட்டுக்கு: துணி, கொட்டை, மாவு, புளி

எங்கள் சமையலறையில் இரண்டு குடங்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். காரிமங்கலம் பக்கத்தில் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. எது கைக்குக் கிடைத்ததோ அதில் துவைத்தேன், அதிலேயே சமைத்தேன். மகன் பிறந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. துணி ஏன் விறைக்கிறது, சோப்பு ஏன் இரண்டே வாரத்தில் கரைகிறது, குழந்தைக்குக் கஞ்சி எந்தத் தண்ணீரில் காய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டு குடத்தில்தான் இருக்கிறது. வீட்டிலேயே எதையாவது செய்து செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் தங்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு சின்னச் சோதனை. மூடி போட்ட பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர் பிடியுங்கள். சலவை சோப்புக் கட்டியை நகத்தளவு சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். சோப்புத் தூள் போட வேண்டாம், அது எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும். நுரை நின்றால் நல்ல தண்ணீர். நுரை அடங்கி, தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மேலே வெள்ளைத் திரி திரியாக மிதந்தால் அது உப்புத் தண்ணீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து போகின்றன. அந்தத் திரிதான் துணி இழையில் ஒட்டி விறைப்பைக் கொடுக்கிறது.

இந்தச் சோதனையில் தெரியாத இன்னொன்று ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் அது அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 தாண்டவே கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் வயதில் அளவு மீறிச் சேர்ந்தால் பல்லில் வரும் காவிக் கறை பிறகு போகாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே குழந்தையின் வாய்க்குள் போகிற எதற்கும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். துவைக்க, கழுவ, செடிக்கு ஊற்ற போர் தண்ணீர்.

வேட்டியில் குழந்தைக்குத் துணி

கடை நாப்கின் (டயப்பர்) ஒன்று பத்து ரூபாய் என்று வைத்து, நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய். என் கணவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு மாத மளிகையில் பெரும்பகுதி வாங்கிவிடலாம். வெளியூர்ப் பயணம், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்றால் நானும் கடை நாப்கின்தான் போடுகிறேன். அதில் தவறொன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் நேரத்துக்குத் துணி போதும்.

தேவை: உடுத்தி நைந்த நாலு முழப் பருத்தி வேட்டி நான்கு. புதுத் துணி ஈரத்தைச் சட்டென்று இழுக்காது, பலமுறை துவைத்துப் பழசான துணிதான் இழுக்கும். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம்.

1. கரையை வெட்டி எடுத்துவிட்டு 60 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். ஒரு வேட்டியில் 6 துண்டு வரும். நான்கு வேட்டிக்கு 24.

2. நூல் பிரியாமல் ஓரத்தை மெல்லியதாக மடித்துத் தையுங்கள். மிஷின் இல்லையென்றால் கையால் ஓட்டுத் தையல் போதும்.

3. ஒரு துண்டை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். இன்னொரு துண்டைப் பாதியாக, மறுபடி பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளத்துக்குக் கெட்டியான பட்டை கிடைக்கும். அதை முக்கோணத்தின் நடுவில் வையுங்கள்.

4. முக்கோணத்தின் அகலப் பக்கம் இடுப்புக்குக் கீழே வரும்படி குழந்தையைப் படுக்க வையுங்கள். கீழ்முனையைக் கால்களுக்கு நடுவில் மேலே கொண்டு வந்து, இரண்டு பக்க முனைகளையும் அதன் மேல் போட்டு, இடுப்பில் ஒரு நாடாவால் கட்டுங்கள். முடிச்சு பக்கவாட்டில் இருக்கட்டும். நாடாவுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழும் வரை அதற்குக் கீழேயே கட்டுங்கள். ஊக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பட்டையை நிரந்தரமாகத் தைத்துவிடலாமே என்று தோன்றும். முதல் தடவை நான் அப்படித்தான் ஆறு துண்டைச் சேர்த்துத் தைத்தேன். ஐப்பசி மழையில் மூன்று நாளாகியும் உள்மடிப்பு காயாமல் பூஞ்சை வாடை அடித்தது. தைக்காமல் மடித்தால், கட்டும்போது கெட்டி, கொடியில் பிரித்துப் போட்டால் ஒற்றைத் துணி. அரை நாள் வெயிலில் காய்ந்துவிடும்.

மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். வாசனைக்காகக் கடைசியில் போடும் துணி மென்மைத் திரவம் வேண்டாம், அது துணி ஈரம் இழுப்பதைக் கெடுக்கும். தொடையிடுக்கில் சிவந்து இரண்டு நாளில் தணியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பூந்திக்கொட்டைச் சாறு

சோப்பில் துவைத்த துணி உப்புத் தண்ணீரில் விறைக்கும் என்றேன் அல்லவா, குழந்தைத் துணியில் அந்த விறைப்பு தோலை உரசும். பக்கத்து வீட்டு ஆயா ஒரு நாள் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதென்ன அப்பளமாட்டம் இருக்குது? பூந்திக்கொட்டை வாங்கி ஊறப் போடு" என்றார்கள். அதன் தோலில் இருக்கும் சப்போனின் என்ற பொருள் அழுக்கைப் பிரிக்கும். சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரியாது.

நாட்டு மருந்துக் கடையிலும் சந்தையிலும் கிடைக்கும். உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோல் மட்டும் 100 கிராம் எடுத்து ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கட்டும். பொங்கி வழியும், பெரிய பாத்திரம் வையுங்கள். ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். ஒரு பக்கெட் தண்ணீருக்கு அரை டம்ளர் சாறு. துணியை அரை மணி நேரம் ஊறவிட்டு, கசக்கி, இரண்டு தண்ணீர் அலசுங்கள். பாத்திரத்துக்கும் இதுவே போதும், எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் கொஞ்சம் சாம்பல் சேர்த்துத் தேய்ப்பேன்.

கடைத் திரவம் மாதிரி நுரை பொங்காது. நுரை இல்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். வெளியில் வைத்தால் நான்கு நாளில் புளித்துவிடும், மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள். அலசிய தண்ணீரைக் குளத்திலோ ஏரியிலோ விடக்கூடாது, மீனுக்கு அது விஷம். வாழைக்கு விடலாம்.

முளைகட்டிய ராகி மாவு

இதைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசை. நம் மாவட்டங்களில் களி கிண்டாத வீடு குறைவு. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே ராகி ரகங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, சர்க்கரை கலந்த மாவு டப்பாவை நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்குவது எனக்கு உறுத்தியது. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியோ கோதுமையோ பக்கத்தில் நெருங்க முடியாது. முளைகட்டும்போது, இந்தச் சத்துகளை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது.

ராகியைத் தானியமாக விற்கும் இடத்தில் வாங்குங்கள். விதைக்கென்று மருந்து கலந்து வைத்த ராகியை ஒருபோதும் தொடாதீர்கள். கார்த்திகை, மார்கழி அறுவடைக்குப் பிறகு சந்தைக்கு வரத்து கூடும், அப்போது விலை இறங்கும். நான் செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் வாங்குகிறேன். போச்சம்பள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மிகப் பழைய ராகி முளைக்காது. வாங்கியதும் ஒரு கைப்பிடி மட்டும் முளைகட்டிப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

ஒரு கிலோவுக்குச் செய்முறை:

கல், தூசி பொறுக்கி, முறத்தில் புடைத்து, தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து முறை கழுவி, அரித்து எடுங்கள். ஒகேனக்கல் தண்ணீரில் 12 மணி நேரம் ஊற வையுங்கள். நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாடை வரும்.

வடித்து, சுத்தமான ஈரப் பருத்தித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாளில் முளை எட்டிப் பார்க்கும், பனிக்காலத்தில் ஒன்றரை நாளும் ஆகும். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்துங்கள். பிசுபிசுப்போ புளித்த வாடையோ பச்சை, கருப்புப் பூஞ்சையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பூஞ்சையின் நஞ்சு சூட்டுக்கு முழுதாகப் போகாது.

வெள்ளை வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி, மேலே ஒரு வலைத்துணி போட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பல்லில் கடித்தால் 'நறுக்' என்று உடைய வேண்டும். பிறகு உள்ளங்கையில் தேய்த்தால் முளை உதிரும், புடைத்துவிடுங்கள்.

கனமான சட்டியில், சிறு தீயில், இரண்டு கைப்பிடி இரண்டு கைப்பிடியாக வாசனை வரும் வரை மட்டும் வறுங்கள். பொரியவிட வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு மில்லுக்கு எடுத்துப் போங்கள். மில்லில் ஒரு வார்த்தை சொல்ல மறக்காதீர்கள்: "அண்ணா, குழந்தைக்குங்க. மிளகாய் அரைச்ச கையோட போட்டுறாதீங்க, அரிசியோ ராகியோ ஓடினப்பறம் போடுங்க." அரைத்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் தாளில் பரப்பி ஆறவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு மாதம் முழுதாக நிறைந்த பிறகுதான் கொடுக்கத் தொடங்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி எட்டு நிமிடம் காய்ச்சுங்கள். முதல் முறை நான் காய்ச்சியபோது கெட்டியாகி வந்த கஞ்சி திடீரென்று நீர்த்தது. மாவு கெட்டுவிட்டதோ என்று பயந்து அழைத்தேன். "அது அப்பிடித்தாம்மா, முளை மாவு இளகும்" என்றார்கள் அத்தை. முளையில் உருவாகும் அமிலேஸ் என்ற நொதி, சூடு ஏறும்போது மாவுச்சத்தை உடைத்து இளக வைக்கிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. சின்ன வயிறு, நான்கைந்து கரண்டிக்கு மேல் கொள்ளாது. அதே அளவு கஞ்சியில் சாதா மாவைவிட அதிக மாவைக் கரைத்து ஊட்டலாம். இன்னும் அரைக் கரண்டி மாவு கூட்டிப் போடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும்.

முதல் மூன்று நான்கு நாள் இரண்டு டீஸ்பூன் அளவுதான், வேறு எதையும் சேர்க்காமல். ஒத்துக்கொண்டால் அளவைக் கூட்டுங்கள், சில துளி நெய் விடுங்கள், பிறகு வேகவைத்து மசித்த பருப்பு. ராகி மட்டுமே சாப்பாடு ஆகிவிடாது. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். பாட்டிலில் ஊற்றாமல் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் ஊட்டுங்கள்.

தக்காளி வற்றல்

பாலக்கோடு, ராயக்கோட்டையில் விலை சரிந்து தக்காளி கேட்பாரற்றுக் கிடக்கும் நாட்கள் வரும். அப்போது ஐந்து கிலோ வாங்கி, வட்டமாக நறுக்கி, கல்லுப்பு தூவி, மொறுமொறுப்பாகும் வரை நான்கைந்து நாள் காயவையுங்கள். பெரியவர்கள் ரசத்துக்கு ஆகும். மழைக்காலத்தில் முயலாதீர்கள்.

வருஷத்துப் புளி

புளி மாசி முதல் சித்திரை வரை வரத்து. கிருஷ்ணகிரி, தருமபுரியில் பல வீட்டுப் பெண்கள் கொட்டை தட்டுவதையே கூலி வேலையாகச் செய்கிறார்கள். கொட்டையோடு வாங்கி நாமே தட்டினால் விலை நன்றாகக் குறையும்.

இதில் இரண்டு குடத்துத் தண்ணீரும் படக்கூடாது. ஓடு, நார், கொட்டை நீக்கி ஒரு நாள் வெயிலில் உலர்த்துங்கள். கழுவி வெயிலில் காய்ந்த ஜாடியில் ஒரு கை கல்லுப்பு, மேலே புளி, மறுபடி உப்பு என்று இடைவெளியில்லாமல் அழுத்தி அடுக்கி, வாயைத் துணியால் கட்டுங்கள். புதுப்புளி வெளுப்பாக இருக்கும், மாதம் போகப் போகக் கறுக்கும். அது கெட்டுப்போனதாகாது. நாங்கள் மாசியில் அடுக்கிய ஜாடியை ஆடிப்பெருக்குக்குப் புளிசோறு கிளற முதல் முறை திறக்கிறோம். ஈரக் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.