செயின்சோ எக்ஸோஸ்ட் போர்ட்டை அகலப்படுத்தும்போது

பாலை, முதிரை போன்ற வைரமரம் அறுக்கிற செயின்சோவுக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். அதனால் எக்ஸோஸ்ட் போர்ட்டின், அதாவது சிலிண்டரில் புகை வெளியேறும் வாயின், மேல்விளிம்பைத் தொடாதீர்கள். உயர்த்தினால் வேகம் கூடும், கம்பிரஷனும் இழுவையும் குறையும். பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்துங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 46 மி.மீ. என்றால் போர்ட்டின் அகலம் 30 மி.மீ. போதும். பிஸ்டன் பாவாடை (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) போர்ட்டின் இருபுறமும் குறைந்தது 2 மி.மீ. மூடி நிற்கவேண்டும். பிஸ்டன் றிங்கின் வாய் (அதன் இரு முனைகளும் சந்திக்கும் இடைவெளி) போர்ட்டுக்குள் வரவே கூடாது. வந்தால் அன்றோடு சிலிண்டர் நாசம்.

சிலிண்டரைக் கழற்றித்தான் அராவவேண்டும். அராவிய விளிம்பைக் கூராக விட்டால் றிங் கொளுவி உடையும், உட்பூச்சும் உரியும். நுண்ணிய எமரித்தாளால் வடிவாக மழுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் தூள் போகக் கழுவுங்கள். இவ்வளவு செய்துவிட்டுச் சைலன்சர் வாயைப் பழையபடி ஒடுக்கமாக விட்டால் பலனில்லை.

பலர் பிழை விடுவது கடைசியில்தான். காற்று கூடுதலாகப் போவதால் கலவையில் பெற்றோல் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும், வன்னி வெயிலில் இன்னும் கெதியாக. கார்பரேட்டரின் ‘எச்’ திருகாணியை (முழு வேகத்துக்கான பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) இடப்பக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் திறவுங்கள். முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது சத்தம் உடைந்து கேட்டு, மரத்தில் வைத்ததும் சீராகவேண்டும். லீற்றர் பெற்றோலுக்கு 20 மி.லீ. டூ ஸ்ட்ரோக் ஒயில், அதில் மிச்சம்பிடிக்காதீர்கள்.