பழைய ஹாட் ஹேட்ச் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கார் பார்க்கப் போகிறீர்கள். வாசலிலேயே ஓனர் நிற்கிறார். வண்டி ஸ்டார்ட்டில் இருக்கிறது, ஏ.சி. வேறு ஓடுகிறது. "வெயில்ல வர்றீங்களே சார், உள்ள கூலா இருக்கட்டும்னு போட்டு வச்சேன்" என்கிறார். நல்ல மனசாகவே இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டிய மிக முக்கியமான அரை நிமிடம் அதற்குள் கடந்துபோய்விட்டது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சின் முதல் முறை உயிர் பெறும் நேரம் அது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, ஆயிலைக் குடிக்கிறதா என்பது நீலப் புகையாக அப்போதுதான் தெரியும். உள்ளே ஏதாவது தளர்ந்திருந்தால் கடகடவென்று அப்போதுதான் சத்தம் வரும். சூடேறிவிட்டால் எல்லாம் சாதுவாகிவிடும். நான் ஒரு முறை சூடான பானெட்டில் கை வைத்துப் பார்த்தும் வாயைத் திறக்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவன். இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: "காலையில ஏழு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

சாதாரண குடும்பக் காரின் உடம்பில் கொஞ்சம் முரட்டு எஞ்சினைப் பொருத்தி, சஸ்பென்ஷனை இறுக்கிக் கொடுப்பதுதான் ஹாட் ஹேட்ச். ஐரோப்பாவில் 1970-களில் கோல்ஃப் ஜி.டி.ஐ. பிரபலப்படுத்திய வகை. இந்தியாவில் விற்றவற்றில் பெரும்பாலானவற்றை ஹாட் என்பதைவிட வெதுவெதுப்பு என்று சொல்வதே நியாயம். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., பலேனோ ஆர்.எஸ்., டியாகோ ஜே.டி.பி., ஐ20 என் லைன் எல்லாம் 100 முதல் 120 குதிரைத் திறனுக்குள் அடங்கிவிடும். 145 குதிரைத் திறனோடு வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோ கொஞ்சம் நிஜமான சூடு. 192 குதிரைத் திறன் கொண்ட போலோ ஜி.டி.ஐ. இங்கே வந்ததே 99 கார்கள்தான், நம் பட்ஜெட்டில் அதை மறந்துவிடலாம்.

பணத்தில் நடக்கும் தவறு

கையில் ஆறு லட்சம் இருந்தால் ஆறு லட்சத்துக்கே வண்டி தேடுவது. ஐந்துக்குள் வண்டியை முடித்து, மீதியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு விற்ற காரின் விலை பாதியாகிவிட்டது சரி, அதன் டர்போவும் கிளட்ச்சும் பாதி விலைக்கு வருமா? வராது. வாங்கிய முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிளக், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பேட்டரியும் நான்கு டயரும் சேர்ந்துகொண்டால் பில் எங்கேயோ போகும். 16 இன்ச் டயர் விலையை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்ப வேண்டாம், ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

எந்தக் கார் என்பதில்

"ஃபியட் எஞ்சின்தானே, ஸ்விஃப்ட்லயும் அதுதானே, ஸ்பேருக்கு என்ன கவலை?" அபார்த் விற்கும் புரோக்கர்கள் வழக்கமாகச் சொல்வது. பாதி உண்மை. மாருதியும் டாடாவும் பயன்படுத்தியது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல். அபார்த்தில் இருப்பது 1.4 டி-ஜெட் பெட்ரோல், அதற்கும் ஸ்விஃப்டுக்கும் சம்பந்தமில்லை. 2015-இல் 9.95 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தபோது அந்தப் பணத்துக்கு அவ்வளவு சக்தியை வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. பக்கத்தில் ஃபியட் தெரிந்த மெக்கானிக்கும், பாகம் வர மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமையும், ஓட்டுவதற்கு இன்னொரு வண்டியும் இருந்தால் வாங்கலாம். ஒரே வண்டி, தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கார் என்பதால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

டியாகோ ஜே.டி.பி. வேறு கதை. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த வண்டி. 1.2 டர்போ, 114 குதிரைத் திறன். பி.எஸ்.6 புகை விதி வந்ததும் நின்றுபோனது. எஞ்சின் நெக்ஸானின் உறவுக்காரன் என்பதால் அந்தப் பக்கம் பெரிய பயமில்லை. அதற்கென்றே செய்த பம்பர், பானெட் மாதிரியான உடம்புப் பாகங்களில்தான் சிக்கல். முன்பக்கம் இடித்த ஜே.டி.பி. மலிவாக வந்தால் எட்டி நில்லுங்கள்.

குறைந்த தலைவலி வேண்டுமென்றால் என் ஓட்டு பலேனோ ஆர்.எஸ்.-க்கு. 2017-இல் வந்தது, 1.0 டர்போ, எடை குறைவு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஓட்டும்போது பெரிய கிறுகிறுப்பு இருக்காது, ஆனால் எந்த ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்: பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப்பில் கோளாறு இருக்கலாம் என்று 2023-இல் 7,213 ஆர்.எஸ். கார்களை மாருதி திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைச் சொன்னால் அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் பேட்ஜ். சாதாரண போலோவின் பின்னால் ஜி.டி. எழுத்தை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். ஆர்.சி.யைப் பாருங்கள். பழைய ஜி.டி. டி.எஸ்.ஐ. 1197 சி.சி., நான்கு சிலிண்டர். டர்போ இல்லாத 1.2 போலோ 1198 சி.சி., மூன்று சிலிண்டர். ஒரே ஒரு சி.சி. வித்தியாசத்தைக் கண் தாண்டிவிடும், சிலிண்டர் எண்ணிக்கை தாண்டாது. 2020-க்குப் பிறகு வந்த 1.0 டி.எஸ்.ஐ.யும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் 999 சி.சி.

கியர்பாக்ஸ்: அதிகம் அடிபடும் இடம்

2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருப்பது ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆயிலில் நனையாத, உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வகை. ஹைவேயில் அதைப்போல் சுகம் கிடையாது. ஆனால் கத்திப்பாராவிலோ காந்திபுரத்திலோ சாயங்காலம் ஆறு மணிக்கு நத்தை வேகத்தில் ஊர்ந்தால், பாதிப் பிடியில் தேய்ந்துகொண்டே போகும் கிளட்ச் சூடாகும். இதோடு, கியரை மாற்றும் மூளையும் கையுமான மெக்கட்ரானிக் பகுதி கெட்டுப்போனால் செலவு லட்சக் கணக்கில். பட்ஜெட் போட்டு வாங்கியவர் அழுவது இங்கேதான்.

இதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காலியான ரோட்டில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன். டெஸ்ட் டிரைவை வேண்டுமென்றே டிராஃபிக்கில் வையுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு ஊரவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா? மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது அதிர்கிறதா? மீட்டரில் கியர் எழுத்து மினுக்குகிறதா? ஒன்று இருந்தாலும் விலை பேசக்கூட உட்கார வேண்டாம். இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், சில கோளாறுகள் சூடானபிறகுதான் தலைகாட்டும். எஞ்சின் குளிராக இருக்கும்போதும் பார்க்க வேண்டும், கியர்பாக்ஸ் சூடானபிறகும் பார்க்க வேண்டும் என்பதால் அரை நாள் ஒதுக்கிவிட்டே போங்கள்.

2020-க்குப் பிந்தைய 1.0 டி.எஸ்.ஐ.யில் ஆறு கியர் மேனுவலும், இரட்டைக் கிளட்ச் இல்லாத, பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் வந்தன. பணம் எட்டினால் இவைதான் நிம்மதி. ஐ20 என் லைனில் 2021-இல் வந்தவை ஏழு கியர் டி.சி.டி. (இதுவும் இரட்டைக் கிளட்ச்தான்) அல்லது கையால் கியர் மாற்றினாலும் கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. மூன்று பெடல் மேனுவல் 2023-இல்தான் வந்தது. விளம்பரத்தில் மேனுவல் என்று போட்டிருப்பதை நம்பி ஊர்விட்டு ஊர் போய், குனிந்து பார்த்தால் இரண்டே பெடல் இருக்கும்.

மேனுவலில் கிளட்ச் சோதனை எளிது. நான்காவது கியர், 50 கி.மீ. வேகம், ஆக்ஸிலரேட்டரில் ஒரே அழுத்து. ஆர்.பி.எம். எகிறி, வண்டி அதே வேகத்தில் போனால் கிளட்ச் வழுக்குகிறது.

"சுத்தமான ஸ்டாக் வண்டி சார்"

இந்த வகைக் கார்களைப் பாட்டி கோயிலுக்குப் போக வாங்கியிருக்க மாட்டார். யாராவது ஒருவர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வில் ரீமேப், அதாவது சக்தியைக் கூட்டும் மென்பொருள் மாற்றம், போட்டிருப்பார். விற்கும் முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி, சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் கம்பெனி பாகத்துக்கு மாற்றிவிட்டால் ஸ்டாக் வண்டி, அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் வண்டி, தயார். கூடுதல் டார்க்கை (இழுவிசையை)த் தாங்கித் தாங்கித் தேய்ந்த கிளட்ச்சும் டர்போவும் மட்டும் பழையபடி ஆகாது.

நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் ஆர்வமாகக் கேட்பேன்: "ரீமேப் போட்டா சூப்பரா இருக்கும்ல, யார்கிட்ட போடலாம்?" பத்தில் பாதிப் பேர் பெருமை தாங்காமல் தங்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள். வண்டிக்கென்றே இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்திருக்கும் ஆட்களும் உண்டு, நம்பர் பிளேட்டை வைத்துத் தேடிப் பாருங்கள். ஏர் பாக்ஸ், இன்டர்கூலர் குழாய்களைச் சுற்றிப் புதிய கிளாம்ப், ஸ்பானர் கடித்த போல்ட், ஆயில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரீமேப் போட்டதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைக் காப்பாற்றுவது ஆயில் மட்டும்தான். ரீமேப் போட்டிருந்தும், காலா காலத்தில் ஆயில் மாற்றி ஒவ்வொரு பில்லையும் ஃபைலில் வைத்திருப்பவரின் வண்டி, தொடாமல் வைத்து ஆயிலையும் மறந்துபோனவரின் வண்டியைவிட மேல். பில் இல்லாதவர் என்ன சத்தியம் செய்தாலும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஆத்தரைஸ்டு சர்வீஸில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி குழியைத் தடவிப் பாருங்கள். வெள்ளம் போன வண்டியை எவ்வளவு கழுவினாலும் அங்கே வண்டல் கறை நிற்கும்.

பேப்பர்

வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்த மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தூரம் போங்கள். ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி லோனில் இருக்கிறது என்ற குறிப்பு) இருந்தால், லோன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைக்கும் பழக்கம் இருவருக்குமே ஆபத்து.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஐந்து வருட வண்டி, "ஒரு கீறல்கூட இல்லை" என்கிறார், பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் போயிருக்க வாய்ப்பு அதிகம். என்ன இடித்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அந்தப் போனஸ் விற்பவருக்குச் சொந்தமானது, வண்டியோடு உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். வண்டியில் மாற்றங்கள் ஏதும் இருந்தால் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார்.