நிரப்பு கழன்று விழாமல் இருக்க: பல்லில் பொண்டிங் பிடிக்க வைக்கும் முறை

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, கழன்று விழுந்த பல் நிரப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். மூன்று மாதங்களுக்கு முன் நான் வைத்த நிரப்பு அது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் உடையவில்லை, அடிப்பக்கம் மட்டும் வழுவழுவென்று மின்னியது. நிரப்பு நன்றாகத்தான் இருந்தது, பல்லில்தான் பிடிக்கவில்லை. நிரப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் திரவந்தான் பொண்டிங். பல் மருத்துவப் பயிற்சியைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

சம்மதத்தோடு பெற்ற, பிடுங்கிய கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். காய விடாமல் நீரில் வைத்திருங்கள். இரண்டிலும் ஒரே அளவில் குழி தோண்டுங்கள்.

முதலில் அமிலம். 37 வீத பொஸ்போரிக் அமிலக் களியை, பல்லின் கடினமான வெளிப்படையான எனாமலின் விளிம்பில் தொடங்கிப் பூசுங்கள். எனாமலுக்கு உள்ளே இருக்கும் படையான டென்டினில் கடைசியாக வையுங்கள். எனாமலுக்கு 15 முதல் 30 விநாடி; டென்டினுக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு தாராளமாகக் கழுவுங்கள். எனாமலைக் காற்றால் உலர்த்தினால் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியவேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் நிறைந்த அந்த வெண்மையில்தான் பொண்டிங்கிலுள்ள ரெசின் என்ற பிசின் வேரூன்றுகிறது. 1955இல் புவோனோகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டிய வழி இது.

வவுனியாப் பக்கம் புளோரைட்டு கூடிய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் பார்த்திருப்பீர்கள். அந்த எனாமல் அமிலத்துக்கு இலகுவில் இளகாது. வெண்மை வராவிட்டால் எனாமலில் மட்டும் இன்னொரு தடவை அமிலம் வையுங்கள்.

டென்டின் வேறு கதை. எனாமலில் எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். டென்டினில் சுமார் 70 வீதந்தான், மிச்சம் கொலாஜன் நாரும் நீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் நார்கள் நீரில் மிதந்தபடி நிற்கும். காற்றை வேகமாக அடித்து உலர்த்தினால், நீர் வற்றிய குளத்துப் பாசிபோல் அவை படிந்துவிடும். பிறகு பொண்டிங் உள்ளே இறங்காது. ஆகவே சிறு பஞ்சால் ஒற்றி எடுங்கள். மேற்பரப்பு மினுங்கவேண்டும், நீர் தேங்கக்கூடாது. அந்த அம்மாவின் பல்லில் நான் அவசரப்பட்ட இடம் இதுதான்.

பொண்டிங் துளியைப் பூசப்போகும் நேரத்தில்தான் வெளியே எடுங்கள். அதில் கரைப்பானாக உள்ள அல்கஹோலோ அசற்றோனோ நம் வெயிலில் வெகு விரைவாக ஆவியாகும். போத்தல் மூடியை உடனே இறுக்குங்கள். தூரிகையால் 20 விநாடி தேய்த்துப் பூசுங்கள். பின், திரவம் அலையாடாமல் நிற்கும்வரை மெதுவாகக் காற்றடியுங்கள். கரைப்பான் எஞ்சினால் பிடிமானம் தளரும். நீல ஒளியைப் பல்லுக்கு மிக அருகில் பிடித்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காட்டுங்கள்.

நிரப்புப் பொருளான கொம்பசிட்டை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒளியால் இறுக்குங்கள். இறுகும்போது அது சுருங்கிப் பல்லை இழுக்கும். மொத்தமாக வைத்தால் விளிம்பில் பிளவு விழும்.

இரண்டாவது பல்லிலும் இதையே செய்யுங்கள். ஆனால் பொண்டிங் பூசுமுன் ஒரு சொட்டு உமிழ்நீரைத் தடவி, கழுவாமல் தொடருங்கள். (வாயில் இப்படி நேர்ந்தால் கழுவி, மறுபடி அமிலத்திலிருந்து தொடங்கவேண்டும்.)

இரண்டையும் ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, கூரான கருவியால் நிரப்பின் விளிம்பை நெம்புங்கள். கழன்று வரும் துண்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: வழுவழுப்பா, பல்லின் சிதறலும் ஒட்டியிருக்கிறதா?